வாசித்ததைப் பகிர்தலும் அதன் பொறுப்பும்

நல்ல நூலொன்றை வாசித்து முடித்த ஒருவர் அதனைப் பற்றிப் பிறரிடம் எடுத்துரையாது இருத்தல் அரிது. "அண்மையில் எதை வாசித்தீர்?" என்ற வினாவும், "இதை ஒருமுறை வாசித்துப் பாரும்" என்ற விடையும் கற்றோர் கூடும் இடங்களில் நாள்தோறும் கேட்பவை. இவற்றைப் பொழுதுபோக்கு உரையாடலாகவே பெரும்பாலோர் கருதுவர். ஆயின், பிறிதொருவரின் காலத்தையும் கவனத்தையும் ஒரு திசையில் திருப்ப முற்படும் செயலாக இதனை நோக்குமிடத்து, இதற்குள் அறவியல் சார்ந்த சிக்கலொன்று அடங்கியிருத்தல் புலனாகும். தவறான மருந்தைக் கூறியவரையும் தவறான வழியைக் காட்டியவரையும் உலகம் குறைகூறுகின்றது. தாம் வாசியாத நூலை வாசிக்குமாறு கூறியவரையோ, பெறுபவரின் நிலையை எண்ணாது நூலொன்றைத் திணித்தவரையோ எவரும் குறைகூறுவதில்லை. நூலைப் பரிந்துரைப்பவர் எதற்குப் பொறுப்பாளர், எதற்குப் பொறுப்பாளர் அல்லர் என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

இச்செயலின் தோற்றுவாய் பெரும்பாலும் இன்பமே. தாம் இன்புறுதற்குக் காரணமான கல்வியால் உலகமும் இன்புறுவதைக் காணும் அறிஞர் அக்கல்வியை மேலும் விரும்புவர் என்ற கருத்தைத் திருவள்ளுவர் கல்வி அதிகாரத்தில் வைத்துள்ளார். கற்றதன் இன்பம் பிறரோடு பகிரப்படும்போது குறையாது வளர்கின்றது என்பது அதன் உட்கிடை. ஜேர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற், தீர்ப்பாற்றலைப் பற்றி 1790இல் வெளியிட்ட நூலிலும் இதனோடு ஒப்புநோக்கத்தக்க கருத்தொன்று உண்டு. ஒரு பொருள் அழகியது என்று கூறுபவர் அது தமக்குப் பிடித்திருக்கின்றது என்று மாத்திரம் கூறவில்லை. பிறரும் அதற்கு இசைதல் வேண்டும் என எதிர்பார்க்கின்றார். எனினும், அந்த இசைவை நிரூபணத்தால் வற்புறுத்திப் பெற அவரால் இயலாது என்பது கான்ற் தரும் விளக்கம். நூலைப் பரிந்துரைத்தலும் இவ்வாறே எதிர்பார்ப்புக்கும் வற்புறுத்த இயலாமைக்கும் இடையில் நிகழ்கின்றது. அந்த இடைவெளியைப் பரிந்துரைப்பவர் எவ்வாறு நிரப்புகின்றார் என்பதிலேயே அவரது செயலின் அறம் தங்கியுள்ளது. இதனை ஆராய்தற்கு, யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வலிகாமத்தின் மேற்குப் புறத்தில் அமைந்த பண்டத்தரிப்பின் வரலாறு பொருத்தமான எடுத்துக்காட்டொன்றைத் தருகின்றது.

நியூ யோர்க் நகரில் மருத்துவத் தொழில் புரிந்துவந்த டொக்டர் ஜோன் ஸ்கடர் (1793–1855) நோயாளியான ஒரு பெண்மணியைப் பார்க்கச் சென்ற வீட்டில், காத்திருந்த அறையிலே சிறு பிரசுரமொன்றைக் கண்டார். அதனை இரவலாகப் பெற்றுச் சென்று வாசித்தார். உலகின் மனமாற்றத்தையும் அறுபது கோடி மக்கள் திருச்சபைகளிடம் கோரும் உரிமையையும் பற்றிய அப்பிரசுரம், பம்பாயிற் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிமாரான கோர்டன் ஹோல், சாமுவேல் நியூவெல் ஆகிய இருவராலும் எழுதப்பெற்று 1818இல் வெளிவந்தது. அதனை வாசித்த ஸ்கடர் தமது தொழிலைக் கைவிட்டு, மனைவியுடன் 1819இல் கப்பலேறி, அவ்வாண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்தை அடைந்தார். 1820இல் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியையும் மதப் பணியையும் ஒருங்கே தொடங்கினார். அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குச் சென்ற மருத்துவ மிஷனரிமாருள் முதல்வராக அவர் கொள்ளப்படுகின்றார். அவருடைய மக்களுட் பலர் தென்னிந்தியாவிற் பணியாற்றினர். அவருடைய பேர்த்தியான ஐடா ஸ்கடர் வேலூரில் மருத்துவமனையை நிறுவி, 1918இல் அங்கு பெண்களுக்கான மருத்துவக் கல்வியையும் தொடக்கிவைத்தார்.

ஒரு வீட்டில் வைக்கப்பட்டிருந்த பிரசுரத்தின் விளைவு இத்துணைத் தூரம் சென்றது. அதனை இரவல் கொடுத்த பெண்மணி வேலூரை எண்ணியிருக்க மாட்டார். பண்டத்தரிப்பு என்ற பெயரையும் அவர் கேள்வியுற்றிருக்க நியாயமில்லை. எனவே, நூலைக் கொடுப்பவரின் பொறுப்பை விளைவைக் கொண்டு அளத்தல் பொருந்தாது என்பது இவ்வரலாறு உணர்த்தும் முதலாவது செய்தி. விளைவே அளவுகோலாயின், வேலூரிற் குணமடைந்த நோயாளரின் நன்றி முழுவதும் அப்பெண்மணிக்கு உரியதாகும். யாழ்ப்பாணத்துச் சைவர்கள் மிஷனரிமாரின் கண்டனங்களால் அடைந்த மனவருத்தமும் அவர் கணக்கிலேயே சேர்க்கப்பட வேண்டியதாகும். இரண்டும் ஏற்கத்தக்கன அல்ல. நூல் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிய பின்னர், வாசகரின் சிந்தனையும் துணிவும் சூழ்நிலையும் அதனோடு கலந்துவிடுகின்றன. அக்கலப்பின் பயனுக்குக் கொடுத்தவரை முழுப் பொறுப்பாளராக்குவது, வாசகரை ஓர் ஏவற்பொருளாகக் கருதுவதாக முடியும்.

விளைவு அளவுகோல் அன்று எனின், கொடுப்பவருக்குப் பொறுப்பே இல்லையோ என்ற ஐயம் எழலாம். இதற்கு விடைகாணப் பண்டத்தரிப்பில் அடுத்து நிகழ்ந்தவற்றை நோக்குதல் வேண்டும். ஒரு பிரசுரத்தால் தம் வாழ்வு மாறக் கண்ட ஸ்கடர், பின்னாளிற் பிரசுரங்களை ஊரூராக வழங்குவதில் மிகுந்த ஊக்கம் காட்டினார். தொடக்கத்தில் அமெரிக்க மிஷனுக்கு யாழ்ப்பாணத்தில் அச்சகம் நடத்தும் வாய்ப்புக் கிட்டவில்லை. 1820இல் அச்சாளராக வந்த ஜேம்ஸ் கரற் என்பவரைத் தீவில் தங்கவிடாது ஆட்சியாளர் வெளியேற்றினர். 1834 அளவிலேயே மானிப்பாயில் அம்மிஷனின் அச்சகம் இயங்கத் தொடங்கியது. இடைக்காலத்தில் ஏட்டிற் படியெடுத்து வழங்கும் முறையும் கையாளப்பட்டது. வழங்கியவர்கள் தாம் வழங்கியவற்றை வாசித்தவர்கள். அவற்றை உண்மையென நம்பியவர்கள். அவ்வகையில் அவர்களது நேர்மை ஐயத்துக்கு இடமற்றது. எனினும், அவர்களது வழங்கலில் ஒரு குறை இருந்தது. வாசிப்பவர் எந்த முடிவை அடைதல் வேண்டும் என்பது முன்னரே தீர்மானிக்கப்பட்டிருந்தது. முடிவு முன்னரே தீர்மானிக்கப்படுமிடத்து, வாசகரிடம் எதிர்பார்க்கப்படுவது இசைவு மாத்திரமே. அவருடைய தீர்ப்பு வேண்டப்படுவதில்லை.

பிரசுரங்களைப் பெற்ற மக்கள் அதற்கு முன்னர் வாசிப்பை அறியாதவர்களும் அல்லர். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணம் முதலியவற்றைப் படித்தலும் பயன் சொல்லுதலும் நெடுங்கால வழக்கம். ஒருவர் செய்யுளைப் படிக்க, மற்றொருவர் அதன் பொருளை விரித்துரைக்க, கூடியிருப்போர் கேட்பர். பிழைபடப் பொருள் கூறின் அவையிலுள்ள அறிஞர் தடுத்து வினவுதலும் உண்டு. வாசித்ததைப் பகிர்வதற்கென ஒரு சமூகம் அமைத்துக்கொண்ட ஒழுங்கு இது. இவ்வொழுங்கினைப் பொருட்படுத்தாது வந்த பிரசுரம், கேட்போரை வெற்றுப் பலகையாகக் கருதியது. மிஷனரிமார் எல்லோரும் இவ்வாறு கருதினர் என்று கூறுதல் நேர்மையாகாது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் தமிழிலக்கணமும் இலக்கியமும் பாடங்களாக இடம்பெற்றன. அங்கு பயின்றவர்களுள் ஒருவரான சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையே பின்னாளில் தமிழ் நூற் பதிப்புத்துறையின் முன்னோடிகளுள் ஒருவராகத் திகழ்ந்தார். மாணவர் முன்னரே கற்றிருந்தவற்றுக்கு இடமளித்த இடத்தில் கல்வி வேரூன்றியது என்பது இதனாற் பெறப்படும்.

கொடுக்கப்பட்ட நூல் கொடுத்தவர் எண்ணாத வழியிலும் செல்லும் என்பதற்கு நல்லூர் ஆறுமுக நாவலரின் (1822–1879) வாழ்வு தெளிவான சான்று. வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்றுப் பின்னர் அங்கு பணியாற்றிய நாவலர், பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத் தமிழாக்கத்திற் பல்லாண்டு துணைபுரிந்தார். அவ்வளவு ஊன்றி அதனைக் கற்ற தமிழர் அந்நாளில் மிகச் சிலரே. ஆயினும் அக்கல்வி அவரைக் கிறிஸ்தவராக்கவில்லை. 1854இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரத்தில், விவிலியம் கூறும் ஆலயக் கிரியைகளையே எடுத்துக்காட்டி அவர் சைவ வழிபாட்டு முறைகளுக்கு நியாயம் கூறினார். அச்சகம், பாடசாலை, பிரசங்கம், சிறு பிரசுரம் ஆகிய மிஷனின் கருவிகள் யாவும் சைவத்தின் கருவிகளாயின. மிஷனின் நோக்கிலிருந்து பார்ப்பவர் இதனைத் தோல்வியென்பர். நூற்கொடையின் நோக்கிலிருந்து பார்க்கும்போது இதனை அவ்வாறு கூற இயலாது. தமக்குக் கிடைத்த நூலை முழுமையாக வாசித்து, சிந்தித்து, தம் தீர்ப்பைத் தாமே வழங்கிய ஒருவரைக் காட்டிலும் சிறந்த வாசகரை எந்த நூல் வேண்டமுடியும்? நூலைக் கொடுப்பவர், வாசகரின் மறுப்பையும் தம் கொடையின் பயன்களுள் ஒன்றாக ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும். ஏற்க மறுப்பாராயின் அவர் கொடுத்தது கட்டளையே, அது கொடையாகாது.

கொடுத்தலைப் போன்றே கொடாமையும் ஒரு செயல் என்பது இங்கு மறக்கப்படலாகாது. புராண படனம் நிகழ்ந்த கோயில்களுட் பலவற்றின் வாயில்கள், சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்தும் அடைக்கப்பட்டிருந்தன. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் முன்றலில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் அண்மைக்கால வரலாறு. வாசிப்பைப் பகிர்வதற்கென அமைந்த சிறந்த ஒழுங்கொன்று, யாருடன் பகிர்வது என்ற வினாவில் இவ்வாறு தவறியது. இன்றைய கல்விச் சூழலிலும் இத்தவறு வேறு வடிவங்களில் நிகழக்கூடும். இந்த மாணவனுக்கு இவ்வளவு போதும், அந்த நூல் இவளுக்கு விளங்காது என்று ஒருவர் தம் மனத்துள்ளே முடிவுசெய்து வாளாவிருத்தல், வாயிலை அடைத்தலுக்கு நிகரானது. பெறுபவரின் தகுதியை ஆராய்தல் வேறு; பிறப்பையோ தோற்றத்தையோ கொண்டு தகுதியின்மையைக் கற்பித்தல் வேறு.

இவ்விரு தவறுகளையும் நீங்கிய பரிந்துரை எத்தகையது என்பதற்குத் தமிழ் இலக்கிய வரலாறு பெரிதும் போற்றும் நிகழ்ச்சியொன்று உண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், 1880ஆம் ஆண்டு அக்டோபரில் அந்நகருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். எவற்றைப் படித்திருக்கின்றீர் என முதலியார் வினவினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற சாமிநாதையர், தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள் எனப் பலவற்றை அடுக்கினார். முதலியார் வியப்படையவில்லை. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை முதலியவற்றைப் படித்ததுண்டா என அவர் கேட்டபோது, இல்லையென்றே சாமிநாதையர் கூற நேர்ந்தது. பின்னர் முதலியார் தம்மிடமிருந்த சீவக சிந்தாமணிப் பிரதியை அவருக்கு அளித்தார். ஏழு ஆண்டுகளின் பின்னர், 1887இல், நச்சினார்க்கினியர் உரையுடன் சிந்தாமணி சாமிநாதையரின் பதிப்பாக வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து வந்த பதிப்புகள் தமிழரின் இலக்கிய வரலாற்றையே மாற்றியமைத்தன.

இந்நிகழ்ச்சியில் நான்கு கூறுகள் கருதற்குரியன. முதலாவதாக, முதலியார் பரிந்துரைக்கு முன்னர் வினவினார். தம்முன் இருப்பவர் எதைக் கற்றிருக்கின்றார் என்பதை அறிந்த பின்னரே எதைக் கற்கவில்லை என்பதைக் கூறினார். இரண்டாவதாக, அவரது வினா சாமிநாதையரின் பெருமிதத்தைத் தாக்கியது. எனினும் ஆற்றலை அவமதிக்கவில்லை. இதுவரை கற்றது போதாது என்று ஒருவரிடம் கூறுவது, மேலும் கற்க அவரால் இயலும் என்ற நம்பிக்கையின் வெளிப்பாடாகவும் அமையலாம். மூன்றாவதாக, நூலின் பெயரைக் கூறியதோடு அவர் நின்றுவிடவில்லை; பிரதியையும் கொடுத்தார். கிடைத்தற்கரிய நூலைப் புகழ்ந்துவிட்டு அதனைத் தம் பெட்டியுட் பூட்டி வைத்திருப்பவரின் பரிந்துரை அரைப்பரிந்துரையே. நான்காவது கூறு யாவற்றிலும் முதன்மையானது. சிந்தாமணியை முற்றும் அறிந்தவராக முதலியார் தம்மைக் காட்டிக்கொள்ளவில்லை. அதனைப் பாடஞ் சொல்லத்தக்க ஒருவரைத் தேடியவராகவே அவர் வினவினார்.

இந்த நான்காவது கூறு பொதுவாக நிலவும் கருத்தொன்றைத் திருத்துகின்றது. தாம் முற்றக் கற்றுத் தெளிந்த நூலையே பிறருக்குக் கூறவேண்டும் என்பர் சிலர். அவ்விதியை முதலியார் பின்பற்றியிருப்பின் அன்றைய உரையாடல் நிகழ்ந்திராது. வேண்டப்படுவது முற்றறிவன்று, தம் அறிவின் எல்லையை மறையாமை. "இதை முழுவதும் வாசித்தேன்", "பாதியே வாசித்தேன்", "வாசித்தும் விளங்கவில்லை, விளங்கிக்கொள்ளத் துணை வேண்டும்", "வாசிக்கவில்லை, இன்னார் கூறக் கேட்டேன்" என்னும் நான்கும் நேர்மையான கூற்றுகள். இவற்றுள் ஒன்றை மற்றொன்றாகக் காட்டுவதே பொய். தாம் சென்றிராத ஊரின் பாதையைச் சென்றுவந்தவர்போல் விவரிப்பவர் பயணியை ஏமாற்றுகின்றார். வாசியாத நூலை வாசித்தவர்போல் பாராட்டுபவரும் அதையே செய்கின்றார். சாமிநாதையர் பிரதியைப் பெற்ற பின்னரும், சைவச் சூழலிற் பயின்ற அவருக்குச் சமண நெறிச் செய்திகள் விளங்கவில்லை. கும்பகோணத்திலிருந்த சமணர்களை நாடி, அவர்களிடம் கேட்டுத் தெளிந்தார். பரிந்துரைத்தவரால் தரமுடியாத விளக்கம் வேறொரு சமூகத்தாரிடம் கிடைத்தது. தம் எல்லையை மறையாத பரிந்துரை, வாசகரைத் தம்மோடு கட்டிவைக்காது பிறரிடமும் அனுப்பும் இயல்பினது.

தமிழ் இலக்கண மரபு இப்பொறுப்பை நன்கு உணர்ந்திருந்தது. நூலுக்குச் சிறப்புப்பாயிரம் கூறுதற்குரியவர் யாவர் என்பதை நன்னூல் வரையறுக்கின்றது. நூலாசிரியரின் ஆசிரியர், அவருடன் கற்றவர், அவருடைய மாணவர், தகுதிவாய்ந்த உரைகாரர் ஆகியோரே அவர்கள். நால்வரும் நூலையோ நூலாசிரியரையோ அண்மையிலிருந்து அறியும் வாய்ப்புடையோர். பாயிரத்தில் இடம்பெற வேண்டியவையும் வரையறுக்கப்பட்டுள்ளன. ஆசிரியர் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுவலும் பொருள், கேட்போர், பயன் என்பன அவை. இவ்வெட்டினுள் கேட்போரும் பயனும் இடம்பெற்றிருப்பது நோக்கற்பாலது. நூல் நல்லது என்ற பொதுப் பாராட்டு மரபினர்க்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. யாருக்கு நல்லது, எதற்கு நல்லது என்பனவும் கூறப்படல் வேண்டும் எனக் கொண்டனர். பின்வந்த காலத்திற் பெருகிய சாற்றுக்கவிகளுட் பல இவ்வொழுக்கத்தைக் கைவிட்டன. கேட்டவர்க்கெல்லாம் பாடிக்கொடுக்கும் புகழுரையாகப் பாயிரம் மாறியபோது அதன் சொல்லுக்கு மதிப்பும் குறைந்தது. இன்றைய அணிந்துரைகளுக்கும் வெளியீட்டுரைகளுக்கும் இது பொருந்தும். எல்லா நூலையும் புகழ்பவரின் புகழ் எந்த நூலையும் இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டாது.

எழுத்துக்கு இவ்வாறான துணை ஏன் வேண்டும் என்ற வினாவுக்குக் கிரேக்க மெய்யியலாளர் பிளேட்டோவின் பீட்ரஸ் என்ற உரையாடல் ஒரு விடையைத் தருகின்றது. எழுதப்பட்ட சொல் தனக்குரியவர், உரியரல்லாதார் என்ற வேறுபாடின்றி எங்கும் திரிகின்றது. யாரிடம் பேசவேண்டும், யாரிடம் பேசாதிருக்க வேண்டும் என அறியாதது. தவறாகப் பொருள் கொள்ளப்படும்போது தன்னைக் காத்துக்கொள்ள இயலாது தந்தையின் உதவியை நாடுவது என்று சோக்கிரட்டீஸ் அங்கு கூறுகின்றார். நூலைப் பரிந்துரைப்பவர் இக்குறையை ஓரளவு நீக்குகின்றார் எனலாம். தானே வாசகரைத் தெரிந்துகொள்ள இயலாத நூலுக்கு அவர் வாசகரைத் தெரிந்து கொடுக்கின்றார். ஆயின், அவர் நூலின் தந்தை அல்லர். நூலின் பொருள் இதுவே என்று அறுதியிட்டுக் கூறும் உரிமை அவருக்கு இல்லை. இருவரையும் அறிந்த நண்பரின் நிலையே அவருடையது. அறிமுகம் செய்துவைத்த பின்னர் அவர்களிடையே வளரும் உறவில் தலையிடாமை அந்த நண்பரின் பண்பு.

முன்பின் அறியாதவர்களுக்கும் இத்தகைய அறிமுகத்தைச் செய்துவைக்கும் நிறுவனம் நூலகம். யாழ்ப்பாணத்தில் 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டிலேயே நூல்களை வைத்து வாசகர்க்கு வழங்கத் தொடங்கிய சிறு முயற்சி, பொதுமக்களின் ஆதரவுடன் 1934இல் பொது நூலகமாயிற்று. 1959இல் அந்நூலகம் தனக்கென எழுப்பப்பட்ட பெருங்கட்டடத்தை அடைந்தது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி அது எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. அழிந்தவை தாளும் ஓலையும் மட்டுமல்ல. இனிப் பிறக்கவிருந்த வாசகர் ஒருவர், தமக்காக யாரோ முன்னரே தெரிந்து வைத்த நூலை அலுமாரியில் எதிர்பாராது கண்டெடுக்கும் வாய்ப்பும் அழிந்தது. பின்னர் 1995 அக்டோபர் இறுதியில் பண்டத்தரிப்பு உட்பட வலிகாமம் முழுவதும் இடம்பெயர நேர்ந்தபோது, வீடுகளிலிருந்த நூல்களைச் சுமந்து செல்லக்கூடியோர் சிலரே. குடும்பங்கள் தலைமுறைகளாகச் சேர்த்த நூல்கள் மழையாலும் கறையானாலும் களவாலும் அழிந்தன.

நூல்கள் இல்லாத இடத்தில் அவற்றை வாசித்தவர்களின் நினைவே நூற்பட்டியலாகின்றது. இன்ன நூல் இருந்தது, அதில் இன்னது கூறப்பட்டது என்று ஒருவர் எடுத்துரைக்கும்போது, அந்நூலைத் தேடுவதற்கான காரணம் இன்னொருவரிடம் பிறக்கின்றது. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் இணையவழி ஆவணத் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் தேடி எண்ணிமப்படுத்தி எவரும் இலவசமாக வாசிக்க வழிசெய்துள்ளது. எதைத் தேடவேண்டும் என அறிந்தவர்கள் இருந்தமையாலேயே தேடுதல் இயலுவதாயிற்று. எனவே, வாசித்ததைப் பிறரிடம் கூறுதல் இன்பத்தின் வெளிப்பாடு என்ற நிலையிலிருந்து கடமை என்ற நிலைக்கு உயரும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஒரு நூலின் இறுதி வாசகராகத் தாம் இருக்கக்கூடும் என்று எண்ணுபவர் மௌனமாக இருத்தல் தகாது.

இன்றைய நிலைமை இதற்கு மறுதலையானதாகத் தோன்றலாம். நூல்கள் பெருகிவிட்டன, வாசிக்கவேண்டிய நூல்களின் பட்டியல்களும் பெருகிவிட்டன. பெருக்கத்திலும் பொறுப்புக் குறைவதில்லை. மனித ஆயுளில் வாசிக்கக்கூடிய நூல்கள் எண்ணத்தக்கவையே. ஒன்றை வாசிக்குமாறு கூறுவது இன்னொன்றைத் தள்ளிவைக்குமாறு கூறுவதுமாகும். நூறு பெயர்களைக் கொண்ட பட்டியல் தொகுத்தவரின் பரந்த அறிவைக் காட்டலாம். வாசகருக்கு அது தெரிவை எளிதாக்குவதில்லை. பல்கலைக்கழகத்தில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகின்றது. விரிவுரையாளர் தரும் நூற்பட்டியலுக்குப் பின்னால் பரீட்சை நிற்கின்றது. பரீட்சைக்காக வாசிக்கும் மாணவர், நூல் என்ன கூறுகின்றது என்பதைக் காட்டிலும் விரிவுரையாளர் எதை எதிர்பார்க்கின்றார் என்பதையே தேட நேர்கின்றது. பட்டியல் தவிர்க்க இயலாதது. ஆயின் ஒவ்வொரு நூலும் ஏன் அங்கு இடம்பெற்றது, அதில் எப்பகுதி விவாதத்துக்குரியது, பட்டியலைத் தந்தவரே அதனோடு எங்கு முரண்படுகின்றார் என்பவற்றை மாணவருக்குக் கூறுதல் இயலும். அவ்வாறு கூறும்போது கட்டளை பரிந்துரையாகக் கனிகின்றது.

மாணவர் தம்முட் செய்யும் பரிந்துரையில் பரீட்சையின் அழுத்தம் இல்லை; பெருமையின் அழுத்தம் உண்டு. அரிய நூல்களின் பெயர்களையும் பிறநாட்டு ஆசிரியரின் பெயர்களையும் உச்சரிப்பதே உயர்வு எனக் கருதப்படுமிடத்து, வாசியாமையை ஒப்புக்கொள்ளும் துணிவு அருகிப் போகின்றது. 1880இல் சாமிநாதையர் கூறிய "இல்லை" என்ற விடை இங்கு நினைவுகூரத்தக்கது. பலவற்றைக் கற்று ஆசிரியப் பதவியிலும் அமர்ந்த ஒருவர், புதிதாக அறிமுகமான ஒருவர் முன்னிலையில் வாசிக்கவில்லை என்று கூறினார். அவ்விடை பொய்யாக இருந்திருப்பின் பிரதி கைமாறியிராது. பரிந்துரைப்பவரிடம் எதிர்பார்க்கப்படும் நேர்மை பெறுபவரிடமும் எதிர்பார்க்கப்படுவதே.

இவற்றால் பெறப்படும் முடிவைச் சுருக்கிக் கூறலாம். நூலைப் பரிந்துரைப்பவர் மூன்றுக்குப் பொறுப்பாளர்: தாம் அதனை எவ்வளவு அறிவார் என்பதை உள்ளவாறு கூறுதல், பெறுபவர் யார், எதைக் கற்றவர் என்பதைக் கேட்டறிதல், இயலுமாயின் நூல் அவர் கையிற் சேரத் துணைபுரிதல். வாசித்தவர் எந்த முடிவை அடைவார் என்பதற்கு அவர் பொறுப்பாளர் அல்லர். அதனை ஆளும் உரிமையும் அவருக்கு இல்லை. இவ்விரண்டாம் பகுதியே கடைப்பிடித்தற்கு அரியது. தாம் நேசித்த நூலை இன்னொருவர் வாசித்துவிட்டு, அது தம்மைக் கவரவில்லை என்றோ அதன் கருத்துத் தவறு என்றோ கூறும்போது மனம் வருந்துதல் இயல்பு. அவ்வேளையில் வாதத்துக்கு முந்தாது, அவர் கண்டது என்ன என்று கேட்டல் வேண்டும். பரிந்துரைத்தவர் காணாத குறையொன்று அந்த விடையில் இருக்கலாம். காணாத நயமொன்றும் இருக்கலாம். அதனைக் கேட்டபின் அவர் தம் நூலை மீண்டும் விரிக்க நேரிடின், பகிர்வு அப்போதுதான் இருவருக்கும் உரியதாகின்றது.